தடுமாறும் கால்களுக்குக் காந்தம் கைகொடுக்குமா?

காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, மழையில் வழுக்கும் மேட்டிலிருந்து பால் சிந்தாமல் இறங்கி வந்தவர்கள் நம் பாட்டிமார். அவர்களில் பலர் இன்று தோட்டத்து லயத்தை விட்டு, சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் பிள்ளைகளின் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறார்கள். கேட்டால், "வயசாச்சுய்யா, கால் நிக்க மாட்டேங்குது" என்கிறார்கள்.

நம்மை நிற்க வைப்பது கால் மட்டுமல்ல. கண், உட்காது, பாதத்தின் உணர்வு ஆகிய மூன்றும் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்து, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்று சரிசெய்வதில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பிடரிக்குச் சற்று மேலே இருக்கும் இந்தப் பகுதி, அளவில் மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் இங்கேதான் இருக்கின்றன.

அந்தச் சிறுமூளையைக் காந்தத்தால் தட்டி எழுப்ப முடியுமா என்றுதான் இப்போது ஆராய்கிறார்கள். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் இதற்கான கருவியைச் செய்து காட்டினர். தலையருகே ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் கணநேர மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்துவார்கள். அப்போது உண்டாகி மறையும் காந்தப்புலம், மண்டையோட்டைத் தாண்டி மூளையில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்பும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. நாற்காலியில் விழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம். 'டக் டக்' என்ற சத்தத்துக்காகக் காதில் அடைப்பான் வைப்பார்கள். பழைய படங்களில் காட்டும் 'ஷாக்' சிகிச்சை வேறு, இது வேறு. அமெரிக்காவில் மன அழுத்த நோய்க்கு இந்த முறை 2008-லேயே அனுமதி பெற்றுவிட்டது.

நடைக்கும் சமநிலைக்கும் இது உதவுமா என்பதற்கு ரோம் நகரில் நடந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் பலவீனமான 36 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் மூன்று வாரம் பிசியோதெரபி கொடுக்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு அதற்கு முன் சிறுமூளையில் உண்மையான காந்தத் தூண்டல். மறு பாதியினருக்குப் பாவனைத் தூண்டல். உண்மையான தூண்டல் பெற்றவர்களின் நடையும் சமநிலையும் கூடுதலாக முன்னேறின. முடிவு 2019-இல் வெளியானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காந்தம் தனியாக வேலை செய்யவில்லை, பயிற்சியோடு சேர்ந்துதான் செய்தது. அதுவும் பக்கவாதம் வந்தவர்களிடம். வெறும் முதுமையால் தடுமாறுபவர்களுக்கு இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகம் அல்லது காதுக்குள் செவிக்கருவி பொருத்தியவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோருக்கு இதில் ஆபத்தும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. 'காந்தம்' என்றதும் காந்த வளையல், காந்த மெத்தை என்று வீட்டு வாசலுக்கு வந்துவிடும் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. மாறாத காந்தம் அசையாமல் கிடந்தால் மின்சாரம் எழாது. சட்டென மாறும் காந்தப்புலம்தான் மின்சாரத்தை எழுப்பும் என்பதை 1831-லேயே ஃபாரடே காட்டிவிட்டார். பாட்டியின் சேமநிதிப் பணத்தை வளையலில் போடாதீர்கள்.

விழுவது சின்ன விஷயமும் அல்ல. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் இனத்துக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவு முற்றினால் பாதம் மரத்துப்போகும். மரத்த பாதம் செய்தி அனுப்பாவிட்டால், சிறுமூளை எவ்வளவு விழிப்பாக இருந்தும் என்ன பயன்?

ஆகவே கையில் இருப்பதை முதலில் செய்வோம். 2019-இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி மட்டுமே விழும் எண்ணிக்கையை 23 விழுக்காடு குறைப்பது தெரிந்தது. அதில் முக்கியமானது சமநிலைப் பயிற்சி. சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்பது, நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழுவது, சுவர் ஓரமாகக் கால்விரலுக்கு முன் குதிகால் வைத்து நடப்பது. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கைப்பேசியில் நேரம் பாருங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் சுகாதார கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும்கூடத் தள்ளாட்டம் தரும். கண் பரிசோதனையையும் பாதப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள்.

காந்தக் கருவி ஒருநாள் நம் மருத்துவமனைகளுக்கும் இதற்காக வரலாம். அன்றும் பயிற்சி கூடவே வேண்டும். அதை இன்றைக்கே தொடங்கினால், வழுக்கும் குளியலறைத் தரையில் ஒரு ரப்பர் விரிப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியையும் போட்டுவிட்டால், பாட்டி பயமில்லாமல் நடமாட அது போதும்.