நரம்பு செல்லின் குப்பையை யார் அள்ளுவது? விரதம் இருந்தால் சுத்தமாகுமா?

குற்றாலத்தில் சீசன். ஐந்தருவித் தண்ணீரில் கால் வைத்ததுமே உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் குளிர்ச்சியை விரலிலிருந்து எடுத்துச் செல்லும் நரம்பு செல்லின் உடல்பகுதி இருப்பது காலில் இல்லீங்க, முதுகுத்தண்டின் ஓரத்தில்! அங்கிருந்து விரல் வரை நீளும் இழைதான் ஆக்ஸான். சுமார் ஒரு மீட்டர் நீளம்.

செல்லின் உடல்பகுதியோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதைத் தென்காசியில் ஒரு 10 அடி அறையாகப் பெரிதாக்கினால், ஆக்ஸான் திருநெல்வேலியையே எட்டிவிடும். அவ்வளவு தூரத்தில் சேரும் குப்பையை யார் அள்ளுவது?

குப்பை வண்டி எப்படி ஓடுகிறது?

பழுதான புரதம், தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா... இவைதான் குப்பை. முதலில் இரட்டைச் சவ்வுப் பை ஒன்று இவற்றைச் சுற்றி மூட்டை கட்டும். டைனீன் என்ற மோட்டார் புரதம், நுண்குழாய்த் தண்டவாளத்தில் அந்த மூட்டையைச் செல் உடலை நோக்கி இழுத்து வரும். வழியில் லைசோசோம்கள் அதனுடன் இணையும். அவற்றின் நொதிகள் குப்பையை உடைக்க, கிடைக்கும் அமினோ அமிலங்கள் புதிய புரதம் கட்டப் பயன்படும். இதற்குப் பெயர் 'ஆட்டோபேஜி'.

நின்று போனால்?

தோல் செல் மாதிரி நரம்பு செல்லைப் புதுசாக மாற்றிக்கொள்ள முடியாது. ஆயுள் முழுக்க அதே செல்தான். பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடையாளம் போடும் பிங்க்1, பார்க்கின் மரபணுக்கள் கெட்டால், இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம்.

அப்போ விரதம்?

'ஆட்டோபேஜிக்கு நோபல் பரிசு, பட்டினி கிடந்தால் நரம்பு நோய் போகும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே? 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி நோபல் வாங்கியது உண்மை. ஆனால் அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. விரதம் பார்க்கின்சனைக் குணமாக்கும் என்று அவர் நிரூபிக்கவில்லை.

நம் நாட்டிலும் ஆய்வு நடக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌஷிகா, ஒரு மில்லிமீட்டர் புழுவின் நரம்பில் இந்தப் போக்குவரத்தைப் பார்க்கிறார். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதாயா குழு, ஆட்டோபேஜியைத் தூண்டும் மூலக்கூறு ஒன்றை எலிகளில் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. எலியில் பலன் தெரிந்தாலே மனிதருக்கு மருந்து ரெடி என்று அர்த்தம் இல்லை.

வீட்டில் தாத்தா, பாட்டிக்குக் கை நடுங்கினால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்க. பார்வர்டு மெசேஜை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.