வேற்றுலகத்தாரின் முகம்

இறக்கக்கண்டிக் கரையிலிருந்து தெற்கே சென்றால் திருகோணமலையின் கோணேசர் மலையை அடையலாம். அம்மலையடிக் கடலில், போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பழைய ஆலயத்தின் சிதைவுகளை 1956ஆம் ஆண்டில் மூழ்கிக் கண்டவர்களுள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதைகளால் புகழ்பெற்ற அவ்வெழுத்தாளர் அவ்வாண்டிலேயே இலங்கையிற் குடியேறினார். 2008இல் கொழும்பில் மறைந்தார்.

வேற்றுலக நாகரிகங்களை அவர் படைத்த முறை சிந்திக்கத்தக்கது. 1953இல் வெளிவந்த ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலில், விண்ணிலிருந்து வருவோர் போரை ஒழித்து வளம் நல்குகின்றனர். ஆயினும் 50 ஆண்டுகள் தம் உருவத்தைக் காட்டுவதில்லை. கொம்பும் சிறகும் வாலுமுடைய தம்மை மனிதர் பேயென்று அஞ்சுவர் என்பதே காரணம். 1973இல் வந்த ‘ரெண்டேவூ வித் ராமா’விலோ, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான விண்கலமொன்று வருகிறது. அதனை ஆக்கியோர் இறுதிவரை தோன்றுவதேயில்லை. கலத்தின் அமைப்பைக் கொண்டே அவர்தம் அறிவை மனிதர் உய்த்துணர்கின்றனர்.

கடலடித் தூணைக் கண்டு, பெயரறியாச் சிற்பியை நாம் மதிக்கிறோமல்லவா? முகங்கண்டு அஞ்சாது செயல்கண்டு மதித்தல் வேண்டும் என்பதே இக்கதைகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். வேற்றுலகத்தாருக்குரிய இந்நீதி, வேறு மொழி பேசும் அடுத்த ஊராருக்கும் உரியதன்றோ!