பத்து சென்டில் ஒரு நகரம்

நகரங்கள் வளர்ந்த கதை – 17

சென்ற வாரம் அமெரிக்கக் கட்டுமான அதிபர் வில்லியம் லெவிட்டை லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் விட்டுவிட்டு வந்தோம். 1947இல் அங்கே எழத் தொடங்கிய லெவிட்டவுனில் வீடு ஒவ்வொன்றும் 750 சதுர அடி. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகள் வரை முடித்தார்கள். மனை 60க்கு 100 அடி. நம் கணக்கில் பதினான்கு சென்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வாரம் கொல்லயிலுக்கு வாருங்கள்.

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரைக்குப் போகிற பழைய நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் கொல்லயில் ஊராட்சி. தனுவச்சபுரம் ரயில் நிலையமும், ஐ.டி.ஐ.யும், 1964இல் வந்த வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும் அந்தப் பக்கத்து அடையாளங்கள். எந்த இடத்தில் ஊர் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தஞ்சாவூர்க்காரர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அவருக்கு ஊர் என்றால் நெருங்கிய தெருக்கள், சுற்றிலும் வயல். இங்கே அப்படித் தெருவே கிடையாது. தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்கிற விளை, அதன் நடுவில் வீடு, வேலிக்கு அப்பால் அடுத்த விளை. பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா இதே அமைப்பைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்: அவரவருக்கு ஒரு தோட்டம், தோட்டத்தின் நடுவே வீடு. புறநகரில் அமெரிக்கர்கள் தேடிப்போன பசுமையும் தனி வீடும் இந்தக் கரைக்குப் பழைய வழக்கம்.

ஆனால் அன்றைய விளையும் இன்றைய மனையும் ஒன்றல்ல. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை. லெவிட்டவுனை உருவாக்கியது ஒரு கம்பெனியும், அரசு உத்தரவாதம் கொடுத்த வீட்டுக் கடனும். கொல்லயிலை உருவாக்கியது பாகப்பிரிவினை.

இது 1865இல் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசு அந்த ஆண்டு பண்டாரப் பாட்ட விளம்பரத்தை வெளியிட்டு, சர்க்கார் நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கு விற்கவும் அடகு வைக்கவும் உரிமை கொடுத்தது. நிலம் கைமாறும் பொருளானது. 1925இல் நாயர் சட்டம், மறு ஆண்டில் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம். மருமக்கள் வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்ள அவை வழிவிட்டன. கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்குச் சொற்பப் பங்கே கொடுத்தது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல்தான் அதற்கு முடிவு கட்டியது. ஆனால் நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கு வைக்கிற வழக்கமுள்ள புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. நியாயமான வழக்கம்தான். நிலத்தைப் பொறுத்தவரை அதன் பொருள், மகன்கள் மட்டுமல்லாமல் மகள்களும் சேர்ந்து எல்லைக்கல் நடுவது.

கடைசியாக 1970. நிலச் சீர்திருத்தம் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அடுத்தவர் விளையில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்கள் தங்கள் குடிசையைச் சுற்றிய நிலத்தைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. நகரசபைப் பகுதியில் ஐந்து சென்ட், ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட். பத்து சென்ட்! லெவிட்டின் மனைக்கு நாலு சென்ட்தான் குறைவு. அங்கே போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கடனாகக் கிடைத்ததற்குக் கிட்டத்தட்ட ஈடான துண்டு நிலம், இங்கே கூலித் தொழிலாளிக்கு உரிமையாகக் கிடைத்தது. இரண்டில் எது பெரிய காரியம் என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். லெவிட்டவுனின் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

இங்கே எல்லாம் சமமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. எம்.என். கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது 1972இல் வந்த லட்சம் வீடு திட்டம் நிலமில்லாதவர்களுக்குக் கூரை கொடுத்தது. கூடவே ‘காலனி’ என்ற முத்திரையையும் கொடுத்தது. முகவரியைச் சொன்ன உடனே சாதி தெரிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தப் பெயரை நீக்கும் உத்தரவு 2024இல்தான் வந்தது. ஒரே ஊராட்சிக்குள் விளையில் இருப்பவரும் காலனியில் இருப்பவரும் ஒரே கடையில் சாயா குடிக்கலாம். கல்யாணச் சம்பந்தம் என்று வரும்போது முகவரியைப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் 1956 ஒரு திருப்பம். ஜூன் 29 அன்று ஐசன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் சாலைக்கு வழி பிறந்தது. அக்டோபரில் மினசோட்டாவின் புறநகர் ஒன்றில், விக்டர் க்ரூயன் வடிவமைத்த சௌத்டேல் என்ற கூரையிட்ட வணிக வளாகம் திறந்தது. வீடு ஓரிடம், கடை ஓரிடம், வேலை ஓரிடம்; மூன்றையும் இணைக்கக் கார். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நம் பக்கத்தில் மாநிலக் கோடு விழுந்தது. கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்கு. தமிழர்கள் கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. கோட்டின் அந்தப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களுக்கு களியக்காவிளைச் சந்தை தொடர்ந்து பக்கத்துச் சந்தையாகவே இருந்தது. அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதெல்லாம் 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஓய்ந்தது.

1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் தனுவச்சபுரத்தில் ஏறி, தலைநகரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரிக்குள் சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கலாம். வளைகுடாவுக்குப் போனவர் அனுப்பிய பணம் ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்கியது. அப்பா பத்து சென்டில் ஐந்தை மகளுக்கு எழுதிவைப்பார். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தங்கை வீடு எழும்பும். யாரும் ஊரை விட்டு நகரத்துக்குப் போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் அவர்கள் இருந்த இடத்தைத் தேடிவந்து நகரம் என்று எழுதிக்கொண்டு போனது. கேரளத்தில் 2001இல் நூற்றுக்கு 26 பேர்தான் நகரவாசிகள், 2011இல் 47.7 பேர். 99 ஆக இருந்த சென்சஸ் டவுன்கள் பத்தே ஆண்டில் 461 ஆயின. ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசி விவசாயம் அல்லாத வேலையில்: இந்த மூன்றும் இருந்தால் போதும். மாநிலத்தின் சராசரி நெருக்கமே 860 என்னும்போது முதல் இரண்டும் ஒரு தடையா? மூன்றாவதுதான் ஒவ்வொரு ஊராக மாறிக்கொண்டு வந்தது.

பெயர் மாறியதே தவிர அலுவலகம் மாறவில்லை. சென்சஸ் டவுன் என்று எழுதினாலும் ஆள்வது ஊராட்சிதான். பாதாளச் சாக்கடை இல்லை. அதன் விளைவைக் கிணற்றடியில் பார்க்கலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவு இறங்கும் குழிக்கும் இடையே ஏழரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. பத்து சென்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நாலு சென்ட் என்றால் பக்கத்துக்கு 42 அடிதான். அதில் 25 அடியை இந்த இடைவெளியே விழுங்கிவிடும். அதற்குள் வீடு, கார் ஷெட், துணி துவைக்கும் கல். நம் குழியைத் தென்மூலையில் தோண்டினால் தெற்கு வீட்டுக்காரரின் கிணறு அதையொட்டி இருக்கும். மேஸ்திரி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நிற்பார்கள். எத்தனையோ நல்ல உறவுகள் முறிந்தது இந்த ஏழரை மீட்டரில்தான்.

அடுத்தது கார். இங்கே நிலத்தை ‘வஸ்து’ என்பார்கள். “வஸ்து கொள்ளாம், சாரே. கார் கேறும்.” தரகர் சொல்லுகிற இந்த ஒரு வாக்கியத்தில் சென்டுக்கு எவ்வளவோ ஏறிவிடும். நடந்துபோன காலத்து ஒற்றையடி இடவழிகள்தான் விளைகளை இணைத்தன. அவற்றை அகலப்படுத்த ஒவ்வொருவரும் மதிலை மூன்றடி பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் பின்னால் இருக்கிற பத்து வீட்டுக்கும் ஆட்டோதான். லெவிட் முதலில் சாலையைப் போட்டார், பிறகு வீட்டை வைத்தார். நாம் வீட்டைக் கட்டிவிட்டுச் சாலைக்கு இடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, பூட்டிய வீடுகள். 2011 கணக்குப்படி கேரளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு கட்டடம் காலி. டெட்ராய்ட்டிலும் காலி வீடுகள் உண்டு. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த நகரம் அது, 2020இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே. அங்கே தொழிற்சாலை போனது, ஆளும் போனார். இங்கே வெளியே போன ஆள் அனுப்பிய பணத்தில்தான் வீடே எழும்பியது.

இப்போது சாலை இடம் மாறுகிறது. பழைய என்.எச். 47க்கு இன்று 66 என்று பெயர். அமெரிக்காவின் புகழ்பெற்ற 66ஆம் எண் சாலையோரம் மோட்டலும் பெட்ரோல் பங்க்குமாகப் பிழைத்த ஊர்கள், விரைவுச்சாலை விலகிப் போனதும் வாடின. 1985இல் அந்தச் சாலையின் எண்ணையே எடுத்துவிட்டார்கள். எண் ஒற்றுமை தற்செயல். ஆனால் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை நெய்யாற்றின்கரையைத் தொடாமல் கடலோரமாக வருகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட். கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலையை அப்படிப் போட்டது அதுவே முதல் முறை. வழியில் விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் அங்கே முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்றது. கண்டெய்னர் லாரிகள் உதியன்குளங்கரைக் கடைவீதி வழியே போக வேண்டிய அவசியம் குறையும். புறவழிச்சாலைச் சந்திப்புகளில் கிடங்குக்கும் மனைக்கும் இடம் தேடுவார்கள். காரோடு, செங்கல், பாறசாலை, கொல்லயில் ஊராட்சிகள் தனித்தனியே கட்டட அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால், கிணற்றடித் தகராறு சாலையோரத்துக்கும் வந்து சேரும். நாலு ஊராட்சியும் உட்கார்ந்து ஒரே வரைபடம் போட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஓரிடத்தை இப்போதே குறித்துவைப்பதுதான் முதல் வேலை. சென்ட் விலை ஏறிய பிறகு அதற்கு இடம் தர யாரும் முன்வர மாட்டார்கள்.

(தொடரும்)