புத்தூர்க் கட்டு பல்லுக்குக் கிடையாது

வடமாலபேட்டையில் குழந்தை மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை. பக்கத்தில் புத்தூர் இருக்கிறது. கட்டுப் போட அன்றே ஓடுகிறோம். அதே குழந்தை பல் வலி என்று அழுதால், கிராம்பு ஒன்றை வைத்து அழுத்தி, "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

என் பேத்திக்கு அப்போது எட்டு வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. "லீவுக்குச் சென்னை போகும்போது காட்டலாம், அங்கே நம் பாஷையில் பேசலாம்" என்று தள்ளிப் போட்டேன். போனபோது பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் சொன்ன பிறகே தெரிந்தது, அது பால் பல்லே இல்லை என்று!

ஆறு வயதையொட்டி, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது போனால் போனதுதான். முறிந்த எலும்பு கூடும். குழி விழுந்த பல் தானாக அடைபடாது. பால் பல்லும் வீணல்ல. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுவே. முன்னதாகப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வரிசை கெடும்.

பல்லை அரிப்பது பூச்சியல்ல. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பிலிருந்து உண்டாக்கும் அமிலம். எவ்வளவு இனிப்பு என்பதோடு, நாளைக்கு எத்தனை முறை என்பதும் முக்கியம். 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கூறியது.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. புளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர்களே துலக்கிவிடுவது நல்லது. பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரானால் பரிசோதியுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் பற்களில் கறை விழும். ஒரு வயதுக்குள் முதல் பரிசோதனை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லீவு வரை காத்திராதீர்கள். திருப்பதியிலேயே பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பாஷை தடையென்றால், பள்ளியில் தெலுங்கு படிக்கும் நம் பிள்ளைகளே பேசிவிடுவார்கள்.

ரயில்வேயில் கீமேன் தினமும் தண்டவாளத்தோடு நடப்பார். விரிசல் சிறிதாயிருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான். இன்று இரவு ஒரு டார்ச் விளக்கை எடுத்து, உங்கள் குழந்தையை 'ஆ' காட்டச் சொல்லுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அது ஒன்றுதான்.