முகவரிப் பட்டையில் ஒரு தமிழ்ப் பெயர்

இணையதளத்தின் முகவரியை முழுவதும் தமிழ் எழுத்துகளாலேயே எழுதி அதனை அடைவது இன்று சாத்தியம். ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் மேல்நிலைப் பெயர்கள் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இணையத்தின் வேர்ப் பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டன. ஆயினும், அவ்வாறு தட்டெழுதிய பெயர் கண்ணிமைக்கும் நேரத்தில் பல தேசங்களைக் கடந்து, தேடிய பக்கத்தை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற காரியத்தில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத எத்தனையோ பேர் எழுதி, யாரும் படிக்கவும் திருத்தவும் பொதுவில் வைத்த திறமூல நிரல்கள் எவ்வளவு உபகாரம் செய்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரயாணம் விசைப்பலகையில் தொடங்குகிறது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த ‘தமிழ்99’ விசைப்பலகையை லினக்ஸ் கணினியில் உபயோகிப்பவருக்குத் துணை நிற்கும் ‘எம்17என்’ என்ற நிரல்தொகுப்பு ஜப்பானிய ஆய்வு நிலையம் ஒன்றில் உருவானது. அழுத்திய ஒவ்வோர் எழுத்தும் யூனிகோடு முறைப்படி ஓர் எண்ணாகிறது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு, இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்தை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ‘கொ’ என்பதில் ககரத்தை அடுத்துவரும் ஒகரக் குறிக்கென்று தனி எண் இருக்கிறது. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாக அடுத்தடுத்து இட்டாலும் அதே வடிவம் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டு. ஆகவே, பெயரை வெளியே அனுப்புமுன் உலாவி இவ்விருவகையையும் ஒரே வடிவாக்கிக்கொள்கிறது. இல்லையேல் ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள் ஏற்பட்டு, பாதிப் பேர் வேறிடம் போய்ச் சேருவார்கள்.

அடுத்தது பெயரைத் தேடும் கட்டம். இணையத்தின் பெயரேடு தோன்றிய காலத்தில் அதில் வழங்கியவை 26 ஆங்கில எழுத்துகளும், 10 இலக்கங்களும், ஒரு சிறுகோடுமே. அந்த ஏற்பாட்டைக் குலைக்காமல் பிற எழுத்துகளுக்கும் இடம் தர, ‘பியூனிகோடு’ என்னும் உபாயம் 2003-இல் வகுக்கப்பட்டது. தமிழ்ப் பெயர், எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னிற்க, ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு சரமாக மாறிச் செல்கிறது. இந்த விதியைப் பிரசுரித்த இணையப் பொறியியல் பணிக்குழுவில் உறுப்பினர் சந்தாவும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. எவரும் வந்து வாதிக்கலாம், ஏறக்குறைய ஒருமித்த அபிப்பிராயமே முடிவு. அவ்வாறு மாறிய சரத்துக்கு விடைதரும் வழங்கிகளில் பல, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980-களில் பிறந்த ‘பைண்ட்’ என்னும் திறமூல மென்பொருளால் இன்றும் இயங்குகின்றன.

ஆனால் எல்லாக் குழப்பமும் தானாகத் தீர்வதில்லை. ‘ஔவை’ என்று ஔகாரத்தால் எழுதுவதும், ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ என்று எழுதுவதும் திரையில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்ற, கணினியோ அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்கிறது. வஞ்சகர் ஒருவர் இரண்டாவதைப் பதிந்துகொண்டு முதலாவதை நாடி வருவோரை ஏமாற்ற இடமுண்டு. இத்தகைய சங்கடங்களை ஆராய்ந்து விதிகளை வகுக்கவே, தமிழ் உட்பட ஒன்பது எழுத்துமுறைகளுக்காக ‘நியோ-பிராமி’ என்ற தன்னார்வலர் குழு இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின்கீழ் பணிபுரிந்தது.

பக்கம் வந்து சேர்ந்தபின் எழுத்தைத் தீட்டவேண்டும். சேமிப்பில் ககரத்துக்குப் பின்னிற்கும் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் திறமூல இயந்திரம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் அனைத்திலும் அதுவே உழைக்கிறது. இத்தகைய பணிக்கு ஓர் உதாரணமாக, கேரளத்தில் ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ அன்பர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்துருக்களைச் சமைத்தும், வழுக்களைக் கண்டு அறிவித்தும், தம் மொழிக்குத் திறமூல உலகில் ஓர் ஸ்தானத்தைத் தேடித் தந்திருக்கிறார்கள்.

ஊர் ஏரியைக் குடிமக்களே தூர்வாரிக் காத்த குடிமராமத்துப் போன்றது, பலர் கூடி நிரல்களைப் பேணும் இவ்வேற்பாடு. அனைவரும் நீர் மொண்டு, ஒருவரும் மண்வெட்டி எடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதை 2014-இல் உலகம் கண்டது. இணையப் பரிமாற்றங்களின் ரகசியத்தைக் காக்கும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெருங்குறை வெளிப்பட்டபோதுதான், கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த அந்நிரலுக்காக முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே என்பது பலருக்கும் தெரியவந்தது.

தமிழுக்குரிய விதிகளைத் தமிழறிந்தவர் வந்து சொல்லாவிட்டால், அறியாதவர் தம் ஊகத்தால் எழுதிவிடுவர். அதன்பின் குறைகூறிப் பயனில்லை. நம் பல்கலைக்கழகங்கள் கணினி மாணவரின் இறுதியாண்டுத் திட்டப்பணியை இத்தகைய நிரல்களின் திருத்தங்களாக ஏற்கலாம். தமிழாசிரியர்கள், விதிகளை வகுக்கும் அமைப்புகள் நடத்தும் பொதுக் கலந்தாய்வுகளுக்குத் தம் கருத்தை எழுதியனுப்பலாம். வாசகர்களும் திரையில் ஒரு தமிழ் எழுத்து பிழையாகத் தெரியக் கண்டால், எந்தக் கருவி, எந்த எழுத்துரு, எந்தச் சொல் என்பவற்றைக் குறித்துப் படத்துடன் அந்நிரலின் பொறுப்பாளருக்குத் தெரிவிப்பார்களாக.