இசையும் நடையும் காத்த இருப்புப்பாதைகள்

முன்னுரை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிரே வரும் கலைஞனுக்கு வழி கூறி ஆற்றுப்படுத்துவது அவற்றின் பொதுவமைப்பு. முருகாற்றுப்படை மட்டும் இறைவனிடம் வழிப்படுத்துவது. பொருநரும் பாணரும் கூத்தரும் யாழையும் முழவையும் சுமந்து நடக்க, அவர்கள் கடக்கும் காடும் மலையும் வயலும் ஊரும் அந்நூல்களில் விரிகின்றன. இசை, நடை, வழிகாட்டுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கு பிணைத்ததால் பழந்தமிழர் நிலவியலையே நாம் அப்பாட்டுகளின் வழி அறிய முடிகின்றது.

இம்மூன்றும் இருப்புப்பாதையோடு சேர்ந்த வரலாறு ஒன்று இங்கிலாந்து நாட்டில் உண்டு. அங்கே கிராமப்புறத் தொடர்வண்டிகளில் நாட்டுப்புற இசைக்குழுவினர் ஏறிப் பயணிகளிடையே அமர்ந்து பாடுகின்றனர். தன்னார்வத் தொண்டர்கள் நிலையத்தில் காத்திருந்து, வண்டியில் வந்திறங்குவோரை மலைவழிகளில் நடத்திச் செல்கின்றனர். கேட்பதற்கு இது பொழுதுபோக்காகத் தோன்றும். ஆயின் இதன் பின்னணியில் ஒரு நூற்றாண்டு காலப் போராட்டம் உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதைகள் தேய்ந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் சிற்றுந்துகளும் சரக்குந்துகளும் பெருகின. தொடர்வண்டித் துறை இழப்பில் ஆழ்ந்தது. அத்துறையின் தலைவராக அமர்த்தப்பெற்ற ரிச்சர்டு பீச்சிங் என்பார் 1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளையும் மூடிவிட வேண்டும் என்பது அவர் பரிந்துரை. அவற்றுட் சில தப்பின, பெரும்பாலானவை மூடப்பட்டன.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் உணர்தல் வேண்டும். ஒரு பாதையில் பயணிகள் குறைந்தால் வண்டிகளைக் குறைப்பர். வண்டி குறைந்தால், நேரத்துக்கு வண்டியில்லை என்று எஞ்சிய பயணிகளும் விலகுவர். அதனைக் காட்டி மேலும் வண்டிகளைக் குறைப்பர். இறுதியில், "யாரும் ஏறாத வண்டி எதற்கு?" என்னும் வினா எழும். அவ்வினா எழும்போது விடை கூற ஆளிருப்பதில்லை. நோயே நோயை வளர்க்கும் இச்சுழற்சியை முறிப்பது எவ்வாறு என்பதுதான் கிராமப்புறப் பாதைகள் அனைத்திற்கும் முன் நின்ற சிக்கல்.

ஹோப் பள்ளத்தாக்கு

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய இரு தொழில் நகரங்களுக்கும் இடையே பீக் மாவட்டம் எனப்படும் மலைநாடு கிடக்கின்றது. அதனை ஊடறுத்து 1894-ஆம் ஆண்டு பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. மேற்கே கௌபர்ன் சுரங்கம் 3.4 கிலோமீட்டர், கிழக்கே டோட்லி சுரங்கம் 5.7 கிலோமீட்டர். இவ்விரு இருட்டுக்கும் இடைப்பட்ட வெளிச்சமே ஹோப் பள்ளத்தாக்கு. ஈடேல், ஹோப், பாம்ஃபோர்டு, ஹாதர்சேஜ், கிரின்டில்ஃபோர்டு என ஐந்து சிற்றூர் நிலையங்கள் அதில் உள்ளன.

ஆறு நாளும் உலைக்களத்தில் வெந்த ஷெஃபீல்டு எஃகுத் தொழிலாளர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு நாள். 1900-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜி.எச்.பி. வார்டு என்னும் தொழிலாளர் ஒருவர், 'கிளாரியன்' என்னும் இதழின் வாயிலாக, தம்முடன் மலைநடைக்கு வருமாறு அழைப்பு விடுத்தார். அழைப்பை ஏற்றோர் ஷெஃபீல்டிலிருந்து தொடர்வண்டியில் ஈடேலுக்குச் சென்றிறங்கி, கிண்டர் ஸ்கௌட் என்னும் பீடபூமியைச் சுற்றி நடந்தனர். இதிலிருந்து பிறந்ததே ஷெஃபீல்டு கிளாரியன் நடைக்கழகம். தொழிலாளர்களே தமக்கென வகுத்துக்கொண்ட தொடர்வண்டி வழி நடைப்பயணங்களுள் இது முன்னோடிகளில் ஒன்று எனலாம்.

வார்டு பாதையை மட்டும் காட்டியவரல்லர். கழகத்திற்கெனச் சட்டைப்பைக்குள் அடங்கும் கையேடுகளை வெளியிட்டு, ஊர்ப்பெயர்களின் வரலாற்றையும் மறைந்துபோன பழைய வழித்தடங்களையும் அவற்றில் பதிவு செய்தார். 1945-இல் நடைக்கழகத்தினர் லூஸ் ஹில் என்னும் குன்றின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி அவருக்குப் பரிசளித்தனர். அவரோ அதனைத் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு அப்போதே வழங்கிவிட்டார். தமக்குக் கிடைத்த குன்றைப் பொதுவுக்கு ஈந்த அத்தொழிலாளரின் செயல், பறம்பு பாடிய புலவர்களைப் பயிலும் நமக்கு எளிதில் விளங்கும்.

நடப்பதற்கும் சிறை

அக்காலத்தில் அம்மலைமேடுகள் பெரும்பாலும் நிலக்கிழார்களின் பறவை வேட்டைக்களங்களாக இருந்தன. ஆண்டில் சில நாள் நிகழும் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் மக்கள் தடுக்கப்பட்டனர். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பென்னி ரோத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டு என்னும் ஊரிலிருந்து தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினர். ஈடேல் பக்கமிருந்தும் ஷெஃபீல்டுக் குழு ஒன்று ஏறி வந்தது. காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. இளைஞர் ஐவர் சிறைத்தண்டனை பெற்றனர்.

அந்நடையில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர், பின்னாளில் நாட்டுப்புற இசையுலகில் பெரும்புகழ் எய்திய யூவன் மக்கால். அந்நிகழ்ச்சியையொட்டி அவர் இயற்றிய 'மான்செஸ்டர் நடைப்பயணி' என்னும் பொருள்படும் பாடல் நடைக்கழகங்களின் சொந்தப் பாட்டாயிற்று. மலைநடையும் நாட்டுப்பாட்டும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

போராட்டம் பயன் தந்தது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. 1951-இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், அதாவது ரோத்மன் குழுவினர் மலையேறிய அதே நாளில், ஈடேலில் தொடங்கி 431 கிலோமீட்டர் நீளும் பென்னைன் வழி என்னும் நெடுநடைப் பாதை திறக்கப்பெற்றது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேடுகளில் உலவும் உரிமையை விரிவாக்கியது.

இருப்புப்பாதையின் நிலை என்னவாயிற்று? பீச்சிங் அறிக்கை ஹோப் பள்ளத்தாக்குப் பாதையையும் மூடப் பரிந்துரைத்திருந்தது. அதற்கு வடக்கே ஓடிய வுட்ஹெட் பாதையைக் காட்டிலும் இதனை நம்பி வாழும் ஊர்கள் மிகுதி என்பதால், 1966-இல் இதற்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. வுட்ஹெட் வழியே சென்ற பயணிகள் வண்டிகள் 1970-இல் நிறுத்தப்பட்டன. 1932-இல் மக்கள் திரண்ட ஹேஃபீல்டின் நிலையமும் அதே 1970-இல் மூடப்பட்டது. இன்று அங்குத் தண்டவாளம் கிடந்த இடம் நடைபாதையாக உள்ளது. மலைமேல் நடக்கும் உரிமை கிடைத்தது. மலையடிவாரம் சேர்க்கும் வண்டியோ போய்விட்டது. உரிமை ஒருபுறம் இருக்க, அதனை நுகரும் வழியும் இருத்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

இசைத் தொடர்வண்டி

பாதைகள் தப்பினாலும் இருக்கைகள் காலியாகவே ஓடின. 1990-களில் புதிய சிந்தனை ஒன்று பிறந்தது. பாதையோர ஊர்மக்கள், உள்ளாட்சி மன்றங்கள், தொடர்வண்டி நிறுவனங்கள் ஆகியோர் ஒன்றுகூடி ஒரு பாதையைத் தமதாகப் பேணும் 'சமூக இருப்புப்பாதைக் கூட்டமைப்பு' என்பதே அது. இதனை முன்மொழிந்தவர்களுள் பால் சால்வெசன் குறிப்பிடத்தக்கவர். ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரையும் ஷெஃபீல்டையும் இணைக்கும் பெனிஸ்டோன் பாதைக்கு 1993-இல் அத்தகைய கூட்டமைப்பு தோன்றியது. இசை வண்டிகளாலும் நிலையங்களிலிருந்து புறப்படும் நடைப்பயணங்களாலும் அது பெயர் பெற்றது. மான்செஸ்டரிலிருந்து ஹோப் பள்ளத்தாக்கிற்குச் சென்ற நாட்டுப்பாட்டு வண்டிகளும் புகழ் எய்தின.

இசைத் தொடர்வண்டி எனின் தனி வண்டி அன்று. கால அட்டவணையில் உள்ள அதே வண்டி, அதே பயணச்சீட்டு. இசைக்கெனத் தனிக்கட்டணம் இல்லை. வயலின், கிதார், குழல், கைத்துருத்தி போன்ற கையிற் கொள்ளும் கருவிகளோடு குழுவினர் ஒரு பெட்டியில் ஏறுவர். ஒலிபெருக்கி தேவையில்லை, பெட்டியே அரங்கு. சுரங்கத்துள் வண்டி நுழைகையில் தண்டவாள ஓசை மிகும். குரலும் அதற்கேற்ப உயரும். நிலையம் வந்ததும் வண்டி நிற்கும், பாட்டு நிற்பதில்லை. இறங்கும் ஊரில் விடுதியொன்றில் பாட்டும் உணவும் தொடரும். பின்னர் மறுவண்டியில் பாடிக்கொண்டே திரும்புவர்.

இதன் பொருளியல் எளிது. மக்கள் நெரிசல் இல்லாத வேளையில் ஓடும் வண்டி, ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதே எரிபொருளையும் அதே ஓட்டுநரையும் வேண்டும். எனவே கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரின் கட்டணமும் ஏறத்தாழ முழு வரவு. அதனினும் பெரிது பழக்கம். பாட்டுக்காக ஒருமுறை ஏறியவர், தம் ஊருக்கு வண்டி உண்டு என்பதை அறிகின்றார். மறுமுறை மருத்துவமனைக்கோ சந்தைக்கோ அதே வண்டியில் ஏறுகின்றார். முற்கூறிய நோய்ச்சுழற்சி அங்கே தலைகீழாகத் திரும்பத் தொடங்குகின்றது.

வழிகாட்டும் நடை

நடைப்பயணத்தின் முறை வருமாறு. நடையின் தொலைவு, ஏற்றத்தின் கடுமை, வண்டி நேரம் ஆகியவை முன்னரே அறிவிக்கப்பெறும். உணவும் நீரும் மழைக்காப்பு உடையும் நல்ல காலணியும் அவரவர் பொறுப்பு. வழிகாட்டி முன்னே செல்ல, எவரும் பின்தங்காவண்ணம் மற்றொரு தொண்டர் கடைசியில் வருவார். தொண்டர்கள் ஊதியம் பெறுவதில்லை.

சிற்றுந்தில் செல்வோர் எத்துணைத் தொலைவு நடந்தாலும் வண்டியை நிறுத்திய இடத்திற்கே மீள வேண்டும். தொடர்வண்டியில் செல்வோர்க்கு அக்கட்டு இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, மலையைக் கடந்து, மறுபுறத்து நிலையத்தில் வண்டி ஏறலாம். ஈடேலில் இறங்கியவர் லூஸ் ஹில் முகட்டைக் கடந்து ஹோப் நிலையத்தை அடையலாம். சென்ற வழி மீளாது முன்னோக்கியே நடக்கும் இவ்வின்பம், ஆற்றுப்படைப் பாணர்க்கும் உரியதன்றோ!

காத்தவர் மக்களே

நடை ஒரு பாதையையே காத்தமைக்குச் சிறந்த சான்று செட்டில்–கார்லைல் பாதை. ஏறத்தாழ 116 கிலோமீட்டர் நீளமுள்ள இது 1876-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. இதன் ரிப்பிள்ஹெட் வளைவுப்பாலம் 24 வளைவுகளும் 32 மீட்டர் உயரமும் உடையது. இதனைச் சமைக்கும் காலத்தில் விபத்தாலும் அம்மை நோயாலும் இறந்த தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக 200-க்கும் மேற்பட்டோர் அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர்.

1970-இல் இப்பாதையின் சிறு நிலையங்கள் மூடப்பட்டன. 1970-களின் நடுவில் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா நிருவாகம், மூடிய நிலையங்களைச் செப்பனிட்டு, வார இறுதிகளில் நடைப்பயணிகளுக்கென 'டேல்ஸ் ரெயில்' என்னும் வண்டியை ஓட்டுவித்தது. வந்திறங்கியோர்க்கு வழிகாட்டும் நடைகளும் அமைந்தன. 1983-இல் பாதை முழுவதையும் மூடும் அறிவிப்பு வந்தபோது, அதனை நேசிக்கும் மக்கட்கூட்டம் ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது. 22,000-க்கும் மேற்பட்ட மறுப்பு மடல்கள் குவிந்தன. கட்டணம் செலுத்திப் பயணம் செய்த நாய் ஒன்றின் பாதச்சுவடும் அவற்றுள் ஏற்கப்பட்டது. 1986-இல் எட்டுச் சிறு நிலையங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பாதை மூடப்படாது என அரசு அறிவித்தது. அப்பாதையின் நண்பர்கள் சங்கம் அதன்பின்னும் நடைப்பயணங்களை நடத்தி வந்தது.

ஓர் ஐயம்

"நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் துயரிருக்க, பாட்டும் உலாவும் எதற்கு?" என்று வினவுவார் உளர். அமைதியை நாடும் பயணிக்கு இசை இடையூறாகாதா என்பாரும் உளர். இரண்டும் நியாயமான வினாக்களே. ஒரு பெட்டியில் மட்டும் இசையை அமைத்து, முன்கூட்டி அறிவிப்பதால் இரண்டாவது தீரும். முதலாவதற்கு வரலாறே விடை. பாட்டு மட்டும் எந்தப் பாதையையும் காத்துவிடவில்லை. ஹோப் பள்ளத்தாக்கைக் காத்தது ஊர்மக்களின் தேவை. ஆயினும் தேவை மட்டும் இருந்த எத்தனையோ ஊர்கள் வண்டியை இழந்தன. தேவையோடு உறவும் சேர்ந்த இடத்தில்தான் குரல் எழுந்தது. இசையும் நடையும் வளர்த்தவை அவ்வுறவையே.

நிறைவுரை

இன்று பிரிட்டனில் எழுபதுக்கும் மேற்பட்ட சமூக இருப்புப்பாதைக் கூட்டமைப்புகள் உள்ளன. அவை நமக்கு உணர்த்துவது ஒன்றே. பொதுவுடைமை என்பது அரசு தருவதால் மட்டும் நிலைப்பதன்று. மக்கள் அதனைப் புழங்குவதால் நிலைப்பது. எவரும் நுழையாத நூலகமும், எவரும் நடவாத வழியும், எவரும் ஏறாத வண்டியும் கணக்கேட்டில் முதலில் அடிக்கப்படும் வரிகள்.

இம்மலரை ஏந்தும் மாணவச் செல்வங்கட்கு நாம் கூற விழைவதும் இதுவே. நும் ஊர்ப் பொதுவிடம் எதுவாயினும் அதனிடம் செல்க. செல்லும்போது தனித்துச் செல்லாது வழியறியாத ஒருவரையும் உடனழைத்துச் செல்க. பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதே ஆற்றுப்படை. எஃகுத் தொழிலாளர் வார்டு ஈடேல் நிலையத்தில் இறங்கிச் செய்ததும் அதுவே.