மீற்றரில் எரிந்த மஞ்சள் விளக்கு

புது ஸ்கூட்டர் வாங்கி 23ஆம் நாள், தர்மபுரம் சந்தியை நெருங்கும்போதுதான் அந்த விளக்கைக் கண்டேன். மீற்றரில், எஞ்சின் போன்ற சிறிய படம் மஞ்சளாக எரிந்தது. வண்டி வழமைபோலவே ஓடியது. சத்தம் மாறவில்லை, இழுவை குறையவில்லை. ஆனால் விளக்கு அணையவில்லை. விசுவமடுக் கடைக்குக் கொடுக்க வேண்டிய 40 சட்டைகளைப் பின்னால் கட்டியிருந்தேன். வீதியோரம் நிறுத்திவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

2009இல் கணவரை இழந்தபின் ஒரு தையல் மெஷினோடு தொடங்கிய வாழ்க்கை என்னுடையது. இப்போது அயலில் உள்ள நான்கு பெண்களும் என்னோடு சேர்ந்து தைக்கிறார்கள். தைத்ததைக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை. பஸ்ஸில் சுமந்து திரிந்து முதுகு போய்விட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகே, துணிந்து லீசிங்கில் இந்த வண்டியை எடுத்தேன். மாதம் 21,000 ரூபா கட்ட வேண்டும். வண்டி நின்றால் ஐந்து வீடுகளில் உலை கொதிக்காது.

எனக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள், பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேட்டருக்குள் கொஞ்சம் பீச்சி ஸ்ராட் பண்ணுவார்கள். பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போகும். உங்களில் பலர் அந்தப் புகைக்குப் பின்னால் இருந்து போனவர்கள்தானே? இப்போதைய வண்டியில் காபரேட்டர் இல்லை. ஒரு சின்னக் கணினிதான் பெற்றோலை அளந்து எஞ்சினுக்குள் தெளிக்கிறது. அளவு சரியா என்பதை அறிய, புகை போகும் குழாயில் ஒரு சென்சர் இருக்கிறது. எரிந்தபின் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்த்து அது கணினிக்குச் சொல்லும். இப்படிப்பட்ட சென்சர்களில் ஒன்றிலிருந்து சரியான செய்தி வராவிட்டால், கணினி அதைத் தன் நினைவில் பதிந்துவிட்டு மஞ்சள் விளக்கைப் போடும்.

இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று சந்தியில் நின்ற ஒரு தம்பி, "பற்றறி வயரைக் கழற்றிப் பூட்டுங்கோ அக்கா, நூந்துபோம்" என்றான். அவனே செய்தும் தந்தான். விளக்கு அணைந்தது. அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் எரிந்தது. வழியில் இருந்த கராஜில் காட்டினேன். அங்கிருந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "சென்சர் போட்டுது. மாத்த வேணும். 24,000 முடியும்" என்றார். லீசிங் காசைவிடக் கூட. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

இரவு, உயர்தரம் படிக்கும் மகள் வண்டியோடு தந்த புத்தகத்தை எடுத்து வந்தாள். அது ஆங்கிலத்தில் இருந்ததால் நான் திறக்கவே இல்லை. அவள் வாசித்துச் சொன்னாள்: திறப்பைப் போட்டதும் இந்த விளக்கு எரிய வேண்டும், பிறகு தானாக அணைய வேண்டும், அதுதான் சரியான நிலை. (பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். திறப்பைப் போடும்போது எரியவே இல்லையென்றால், யாரோ விளக்கின் வயரைக் கழற்றியும் இருக்கலாம்.) ஓடும்போது எரிந்தால், பதறாமல் மெதுவாக ஓடிச் சென்று காட்டலாம். ஆனால் எஞ்சின் உதறினாலோ, இழுவை விட்டாலோ, பெற்றோல் மணந்தாலோ ஓடக்கூடாது. எண்ணெய்க்கோ வெப்பத்துக்கோ உரிய சிவப்பு விளக்கு உள்ள வண்டியில் அது எரிந்தால், நின்ற இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் அவ்வளவு பயந்திருக்கிறேன்.

"அம்மா, எப்பெப்ப எரியுது எண்டு எழுதி வையுங்கோ" என்றாள். அளவு எழுதும் தையல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். திகதி, கிலோமீற்றர், மழையா வெயிலா, எந்தப் பெற்றோல் நிலையம், எந்த வீதி. ஒன்பது நாள் எழுதினேன். பெற்றோலோடும் மழையோடும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. ஆனால் கல்மடுப் பக்கம் கிறவல் வீதியால் போன நாட்களில் எல்லாம் விளக்கு எரிந்திருந்தது. காப்பெற் வீதியில் மட்டும் ஓடிய நாட்களில், சில தடவை நிறுத்தி எடுத்தபின் தானாக அணைந்திருந்தது. குலுக்கத்தில் ஏதோ ஆடுகிறது என்று எனக்கே விளங்கியது. பழுதான சென்சர் வீதி பார்த்தா பழுதாகும்?

கொப்பியோடு கிளிநொச்சிக்கு, வண்டி வாங்கிய இடத்துக்குப் போனேன். ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒட்சிசன் சென்சரின் இணைப்பில் பிழை என்று காட்டியது. பொறுப்பாளர் இருக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "வெளியில ஆரிட்டயோ குடுத்து அலாரம் பூட்டியிருக்கிறியள் அக்கா. வயரில கை வச்சா வாரண்டி இல்லை."

எனக்குக் கை நடுங்கியது. அலாரம் நான் பூட்டவில்லை. வண்டி எடுத்த அன்று அவர்களே பூட்டித் தந்தது. நல்லகாலம், பில்லை எறியாமல் லீசிங் கடதாசிகளோடு வைத்திருந்தேன். அதில் அலாரம் 6,500 ரூபா என்று எழுதி, அவர்களின் முத்திரையும் இருந்தது. மேசையில் வைத்தேன். இதற்கும் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைச் சொல்ல வேண்டி வரவில்லை. பில்லைப் பார்த்ததும் அவருடைய குரல் மாறிவிட்டது.

வேலை செய்யும் தம்பியிடம் கொப்பியைக் காட்டினேன். அவன் சிரிக்காமல் வாசித்தான். இருக்கைக்குக் கீழிருந்த பெட்டியைக் கழற்றி, சென்சர் வயரின் சொக்கற்றைத் தொட்டான். அது கையோடு வந்தது. அலாரம் பூட்டும்போது அந்தப் பெட்டியைக் கழற்றியவர்கள், திரும்பச் செருகும்போது 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்தவில்லை. கருவி இணைப்பில் பிழை என்றுதான் சொல்லும். சென்சரா, வயரா, சொக்கற்றா என்பதை மனிதன்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தம்பி சொன்னான். முள்ளைத் துடைத்து, இறுக்கிப் பூட்டி, பதிந்திருந்த பிழையை அழித்து விட்டான். 20 நிமிட வேலை. சென்சர் மாற்றவில்லை. பில்லில் தொகை எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுத் தந்தார்கள்.

வீட்டுக்குக் காப்பெற் வீதியால் வரவில்லை. கல்மடுக் கிறவல் வீதியால் வந்தேன், வேண்டுமென்றே நாலைந்து குழிகளிலும் விட்டு. விளக்கு எரியவில்லை.